விற்பவன் அறிவும் வாங்குபவன் அறிவும்

கொள்வோர், கொடுப்போர் என இருவர் கூடுமிடத்தில் பொருளும் பணமும் மட்டும் கைமாறுவதில்லை. அவற்றோடு மூன்றாவது ஒன்றும் கைமாற வேண்டியிருக்கிறது. அது அப்பொருளைப் பற்றிய அறிவு. பொருளைக் கொடுத்துவிட்டு, அதன் குறையைப் பற்றிய அறிவைத் தன்னிடமே வைத்துக்கொள்பவன் முழுப் பொருளையும் கொடுத்தவன் ஆவானா? கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, அவ்விலை மிகக் குறைவென்று தான் அறிந்ததை மறைத்துக்கொள்பவன் முழு விலையையும் கொடுத்தவன் ஆவானா? இவ்வினாக்கள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. ஒட்டகச் சந்தையிலும் குதிரைச் சந்தையிலும் கேட்கப்பட்ட பழைய வினாக்கள் இவை.

நம்மிடம் ஓதி, பின்னர்ப் பொறியியல் கற்று, இப்போது அமெரிக்காவில் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார். இரண்டும் ஒரு காரைப் பற்றியவை. காரைப் பற்றிய கேள்விக்கு மதரஸா ஆசிரியரிடம் விடை ஏது என்று வாசகர் புன்னகைக்கலாம். கார் என்னும் சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் குதிரை என்று எழுதிப் பாருங்கள். அக்கேள்விகள் நம் கிதாபுகளில் பல நூறு ஆண்டுகளாகவே இருந்து வருவது விளங்கும்.

கார் எது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1990ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த என்.எஸ்.எக்ஸ். என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அது. அமெரிக்காவில் அக்யூரா என்ற பெயரில் விற்கப்பட்டது. அதன் உடற்கூடு முழுவதும் அலுமினியத்தால் ஆனது. இன்ஜினின் கனெக்டிங் ராடுகள் டைட்டானியத்தால் ஆனவை. பிரேசில் நாட்டுப் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா, 1989இல் சுஸுகா ஓடுதளத்தில் அதன் முன்மாதிரியை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்னார். 2005ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றது. பதினைந்து ஆண்டுகளில் உலகம் முழுவதற்குமாகச் செய்யப்பட்டவை 18,000த்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. கையால் கியர் மாற்றும் வகை, தானே கியர் மாறும் வகை என இரண்டும் வந்தன. 1999இல் அமெரிக்காவுக்கென வந்த, ஸனார்டி என்னும் பந்தய வீரரின் பெயர் தாங்கிய சிறப்பு வகை 51 மட்டுமே. பின்னர் 2016இல் அதே பெயரோடு புதிய கார் வந்தது. அதில் கிளட்சு மிதியே இல்லை. அதுவும் 2022இல் நின்றுவிட்டது. ஆகவே, இடக்காலால் கிளட்சை மிதித்து வலக்கையால் கியரை மாற்றும் பழைய வகையைத் தேடுவோர் பெருகினர். நன்கு பேணப்பட்ட வண்டிகள் புதிதில் விற்ற விலையைத் தாண்டியும் விலைபோகின்றன. ஒரு வாகனத்துக்கு இத்தனை பணமா என்பது வேறு வினா. ஈண்டு நாம் அதனுள் புகவில்லை.

அன்பரின் முதற்கேள்வி இது: அவரிடம் உள்ளது 1991ஆம் ஆண்டு வண்டி; 1,90,000 மைல் ஓடியது. தொடக்க ஆண்டுகளில் வந்த ஐந்து கியர் பெட்டிகளில் ஒரு தொகுதிக்கு ஒரு குறை உண்டென்பது இக்காரை அறிந்தோர் யாவரும் அறிந்த செய்தி. கியர் பெட்டியின் கூட்டினுள் ஒரு பேரிங்கை அசையாமல் பிடித்திருக்கும் வளையம் ஒன்று உண்டு. அது பொருந்தும் பள்ளம் அத்தொகுதியில் அளவுக்கு மிஞ்சி அகலமாகக் கடையப்பட்டுவிட்டது. ஆகவே வளையம் ஒருநாள் உடையலாம், உடைந்தால் பேரிங் நகரும், கூடும் பழுதுபடும். எந்த எண் முதல் எந்த எண் வரையிலான பெட்டிகள் ஐயத்துக்கு உரியவை என்பதும் தெரிந்ததே. அவர் வண்டியின் எண் அந்த எல்லைக்குள் விழுகிறது. ஆனால் இத்தனை மைல் ஓடியும் அது உடையவில்லை. விற்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா? வாங்குபவர் கேட்காதபோதுமா?

இரண்டாம் கேள்வி இதற்கு நேர்மாறானது. அவர் தெருவில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். மறைந்த கணவரின் கார் கொட்டகையில் நிற்கிறது. அதுவும் இதே கார், கையால் கியர் மாற்றும் வகை. பழைய வண்டி, நெடுந்தூரம் ஓடிய வண்டி, இதற்கு என்ன கிடைக்கப்போகிறது என்று எண்ணி, சாதாரணப் பழைய காருக்குரிய விலையை அம்மூதாட்டி சொல்கிறார். அந்த விலைக்கே வாங்கிக்கொள்ளலாமா?

முதலில், நெடுந்தூரம் ஓடியிருப்பதே ஒரு குறையா என்பதைப் பார்ப்போம். ஃபிக்ஹு நூல்களில் குறையை 'ஐபு' என்பர். இமாம் நவவீ (ரஹ்) தம் மின்ஹாஜில் அதற்கொரு வரையறை தருகிறார். பொருளின் உடலையோ விலையையோ குறைத்து, அதனால் முறையான ஒரு நோக்கம் கைதவறச் செய்வது எதுவோ, அவ்வினப் பொருள்களில் பொதுவாகக் காணப்படாதது எதுவோ, அதுவே ஐபு என்பது அதன் கருத்து. இவ்வரையறையின் நுட்பம் 'அவ்வினத்தில்' என்பதில் இருக்கிறது. வாடகைக் கார் இரண்டு லட்சம் மைல் ஓடியிருந்தால் அது அவ்வினத்தில் புதுமையன்று. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பலர் வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து வைப்பர். அவ்வினத்தில் நெடிய ஓட்டம் அரிது, விலையையும் குறைப்பது. ஆகவே அது சொல்லப்பட்டே ஆக வேண்டியது.

ஆனால் விலையைக் குறைப்பது வேறு. பொருளைக் கெடுப்பது வேறு. நியூயார்க் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கோர்டன் என்பவர் 1966ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய வால்வோ பி1800எஸ் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை விடாமல் பேணி ஓட்டி, 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் 30 லட்சம் மைலைக் கடந்தார். 2018இல் அவர் மறைந்தார். அந்த வண்டியை ஓட்டமே கெடுத்துவிட்டது என்று யார் சொல்வர்? ஓடாமல் நிற்கும் வண்டியில் ரப்பர் உறைகள் காய்ந்து எண்ணெய் கசியும். டைமிங் பெல்ட் ஓடாமலே முதுமை எய்தும். என்.எஸ்.எக்ஸ். இன்ஜினில் அந்த பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். முறையாக எண்ணெய் மாற்றி, பெல்ட் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருக்கும் 1,90,000 மைல் வண்டி, இருபதாண்டு திறக்கப்படாத கொட்டகையில் உறங்கிய 20,000 மைல் வண்டியைவிட நம்பத்தக்கதாக இருத்தல் கூடும். சந்தையோ எண்ணைப் பார்த்து விலை சொல்கிறது. இங்கேதான் சைத்தானுக்கு வழி திறக்கிறது. எண்ணை மாற்றிவிட்டால் விலை மாறிவிடும் அல்லவா?

மீட்டரைத் திருப்பும் வஞ்சனை அமெரிக்காவில் எவ்வளவு பெரிது என்றால், ஆண்டுதோறும் 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான மைல் கணக்கோடு விற்கப்படுவதாக அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையே கணித்திருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் மீட்டரைத் திருப்புவதைத் தடை செய்தது. ஜெர்மனி 2005இல் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மின்னணு மீட்டர் வந்தபின்னும் வஞ்சனை ஓயவில்லை; கருவி மாறியது, கை மாறவில்லை.

நம் இமாம்கள் மீட்டரைக் கண்டதில்லை. ஆனால் மீட்டரைத் திருப்பும் மனத்தை நன்கு கண்டிருந்தனர். கறவை ஆட்டின் மடியைச் சில நாள் கறக்காமல் கட்டிவைத்து, பால் நிறைந்ததாகக் காட்டி விற்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் விரும்பினால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு ஆட்டைத் திருப்பித் தரலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். இதனை அடிப்படையாக வைத்து ஃபுகஹாக்கள் மேலும் சில வஞ்சனைகளை அடுக்குகின்றனர். நீரால் சுழலும் ஆலையை விற்கும் நேரத்தில், தேக்கி வைத்த நீரைத் திறந்துவிட்டு வேகமாகச் சுழலச் செய்தல்; விற்கப்படும் அடிமையின் நரைமுடிக்குக் கருமை தீட்டி இளமை காட்டுதல். இவற்றில் ஏமாந்தவர்க்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு. நரைக்குக் கருமை தீட்டுதலும் மீட்டரைத் திருப்புதலும் ஒன்றே அல்லவா? இரண்டும் வயதைத் திருடுவன.

மின்ஹாஜ் ஓதிய மாணவர்க்கு இதையொட்டிய இன்னொரு சட்டமும் நினைவுக்கு வரும். அடிமையின் ஆடையில் மை தெளித்து, அவன் எழுதத் தெரிந்தவன் போலத் தோன்றச் செய்தால் என்ன? வலுவான கருத்துப்படி, வாங்கியவர்க்குத் திருப்பித் தரும் உரிமை இல்லை. எழுதச் சொல்லிப் பார்த்திருக்கலாமே, பார்க்காதது உம் குறை என்பது காரணம். இன்றும் சாதாரண வண்டியின் பின்புறத்தில் சிறப்பு வகையின் பெயர்த் தகட்டை ஒட்டி வைப்போர் உளர். ஆயினும், மைக்கறைச் சட்டத்தைப் படித்து மகிழ்ந்துவிடும் வணிகன் ஒன்றை மறந்துவிடுகிறான். வழக்கு மன்றத்தில் திருப்பித் தரும் உரிமை இல்லை என்பது ஒன்று. அல்லாஹ்விடம் பாவம் இல்லை என்பது வேறொன்று. முன்னது பின்னதற்குச் சான்றாகாது.

இந்த வேறுபாட்டைச் சட்டமே நமக்குக் காட்டித் தருகிறது. அமெரிக்காவில் வண்டி கைமாறும்போது மீட்டர் காட்டும் எண்ணை எழுத்தில் தர வேண்டும். ஆனால் பழைய வண்டிகளுக்கு விலக்கு உண்டு. 2010 வரையிலான மாடல்களுக்குப் பத்து ஆண்டு கடந்தால் அக்கடமை இல்லை; 2011 முதலானவற்றுக்கு அது இருபது ஆண்டாக நீட்டப்பட்டது. நாம் பேசும் கார் 2005ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆகவே அதன் மைல் கணக்கைப் பற்றி அந்தச் சட்டம் விற்பவரிடம் இன்று ஒன்றும் கேட்பதில்லை. எந்த வண்டிக்கு ஓட்டக் கணக்கு விலையில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறதோ, அந்த வண்டியைத்தான் சட்டம் விட்டுவிட்டது. மீட்டரைத் திருப்பினால் அது இன்றும் குற்றமே. திரும்பியிருப்பதை அறிந்தும் வாய் திறவாதிருப்பவனை அந்தப் படிவம் தேடி வாராது. சட்டத்தின் கை நீளாத இடத்தில்தான் ஈமானின் கை நீள வேண்டியிருக்கிறது.

இனி கியர் பெட்டிக்கு வருவோம். அன்பர் எழுப்பும் ஐயம் நியாயமானது. உடையாத வளையம் எப்படிக் குறையாகும்? ஒருகால் இன்னும் ஒரு லட்சம் மைல் ஓடியும் உடையாதிருக்கலாமே? ஃபுகஹாக்களின் விடை தெளிவானது. பொருளை ஒப்படைத்தபின் தோன்றும் குறைக்கு விற்றவர் பொறுப்பாகார். ஆனால் அதன் காரணம் ஒப்படைப்புக்கு முன்பே இருந்ததென்றால் அது முன்னதாகவே இருந்த குறையாகவே கொள்ளப்படும். வளையம் உடைவது 2030இல் ஆகலாம்; பள்ளம் தவறாகக் கடையப்பட்டது 1991இல். காரணம் விற்பவரின் கையிலேயே, விற்பவரின் அறிவிலேயே இருக்கிறது. இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்கள் வஞ்சனைக்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறார்கள். பொருளைப் பற்றி ஒருவர் அறிந்த ஒன்றை மற்றவரும் அறிந்திருந்தால், அவர் அதே விலைக்கு இசைந்திருக்க மாட்டார் எனில், அதை மறைப்பதே வஞ்சனை என்பது அதன் சாரம். அன்பர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: பெட்டியின் எண்ணைச் சொன்னால் வாங்குபவர் பேரம் குறைப்பாரா? குறைப்பார் என்று உள்ளம் சொன்னால், சொல்வது கடமை. கேட்டால் சொல்வேன் என்பது விடையாகாது. கேட்கத் தெரியாதவனிடம்தான் சொல்ல வேண்டிய தேவையே எழுகிறது. கேட்கத் தெரிந்தவன் தானே எண்ணைப் பார்த்துக்கொள்வான்.

'உள்ளபடியே விற்கிறேன், பின்னர் நான் பொறுப்பல்ல' என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால்? மேலை நாடுகளில் பழைய வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் விற்கப்படுகின்றன. வாங்குபவரே விழிப்பாக இருத்தல் வேண்டும் என்னும் உரோமர் காலத்து மொழியில் அமைந்த கோட்பாடு அங்கே வேரூன்றியது. நம் மத்ஹபுகளும் இதை ஆராய்ந்திருக்கின்றன. ஹனஃபி மத்ஹபில், எக்குறைக்கும் பொறுப்பில்லை என்னும் நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தோ மிகக் குறுகியது. உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்திருந்து, விற்பவரும் அறியாதிருந்த குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை காவலாகும். உயிருள்ளது உண்ணும், உறங்கும், நோயை உள்ளே மறைக்கும். அதன் உடைமையாளரும் அறியாதிருத்தல் இயல்பு. அதனால் அச்சலுகை. அறிந்த குறைக்குக் காவல் இல்லை. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அந்தச் சலுகையே இல்லை. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதி. எனினும் அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு சாராரும் வேறுபடவில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா ஒரு வழக்கைப் பதிந்து வைத்திருக்கிறது. அடிமைகளை விற்றுவாங்கும் வழக்கம் இருந்த காலம் அது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) தம் ஊழியன் ஒருவனை 800 திர்ஹத்துக்கு, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்னும் நிபந்தனையோடு விற்றார்கள். பின்னர் வாங்கியவர், அவனிடம் நீர் சொல்லாத நோய் ஒன்று இருக்கிறது என்று முறையிட்டார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்றது. விற்கும்போது நோய் எதையும் தாம் அறிந்திருக்கவில்லை என்று இப்னு உமர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது தீர்ப்பு. அவர்களோ சத்தியம் செய்ய மறுத்து, ஊழியனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவன் அவர்களிடமே குணமடைந்தான். பின்னர் 1500 திர்ஹத்துக்கு விலைபோனான். உஸ்மான் (ரலி) கேட்டது நிபந்தனை எழுதப்பட்டதா என்பதையல்ல. நீர் அறிந்திருந்தீரா என்பதையே. தீர்ப்பின் அச்சு அறிவில் சுழல்கிறது. கையொப்பமிட்ட தாள் அறிவை அழித்துவிடாது.

இந்த அறிவு விற்பவனோடு நின்றுவிடுவதும் இல்லை. ஸஹாபி வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) ஒருமுறை ஒட்டக விற்பனை நடக்கும் இடத்தில் நின்றிருந்தார்கள். 300 திர்ஹத்துக்கு விற்பனை முடிந்து, வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிச் சென்றுவிட்டார். வாஸிலா (ரலி) பின்னாலேயே விரைந்து சென்று, இதை இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்துக்கு வாங்கினீரா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர் பயணம் தாங்காது என்று அறிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்தார். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்றும் நொந்துகொண்டார். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபிகளாரிடம் வாக்களித்திருக்கிறோம் என்பது வாஸிலாவின் விடை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதனை இஹ்யாவில் எடுத்தோதுகிறார்கள்.

அக்கேள்வியின் கூர்மையைக் கவனியுங்கள். இறைச்சிக்கா, பயணத்துக்கா? அறுப்பதற்கென்றால் குளம்பின் துளை குறையாகாது. அதுபோலவே, அலங்காரக் கொட்டகையில் நிறுத்திப் பார்ப்பதற்கு வாங்குபவர்க்கு மைல் கணக்கே பெரிது; நாள்தோறும் ஓட்டுவதற்கு வாங்குபவர்க்குக் கியர் பெட்டியின் எண்ணே பெரிது. எதற்கு வாங்குகிறீர் என்று கேட்டறிந்து, அந்த நோக்கத்தைத் தொடும் குறையைச் சொல்வதே நஸீஹத். மேலும், வாஸிலா (ரலி) விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். அறிந்தவர், அவ்வளவே. இன்று அந்த இடத்தில் நிற்பவர் மெக்கானிக். பெட்டியைத் திறந்தவர் அவர். வளையத்தைப் பார்த்தவர் அவர். தம் வாடிக்கையாளரே விற்பவர் என்பதால் அவர் வாய் கட்டுண்டு நிற்குமானால், வாஸிலா ஓடிய அந்தப் பாதையில் ஓட ஆளில்லை என்றே பொருள்.

அறிவை அடைத்துவைத்துப் பொருள் ஈட்டும் வழக்கு நம் கரைக்கும் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் மஅபர் எனப்பட்ட நம் கடற்கரைக்கு, காயல் முதலிய துறைகளுக்கு, அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கடலிலிருந்தும் குதிரைகள் கப்பலில் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்று வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அந்நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்த செய்தி ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இந்நாட்டில் குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இல்லை. குதிரை வணிகர்களோ தங்களோடு குதிரை வைத்தியரை அழைத்து வருவதில்லை. வர முயல்வோரையும் தடுத்துவிடுகின்றனர். குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம் என்கிறார் அவர். அவ்வணிகர்கள் நோயுற்ற குதிரையை விற்கவில்லை. விலையில் பொய் சொல்லவில்லை. பேணும் அறிவை மட்டும் கொடாமல் வைத்துக்கொண்டனர். பொருளைக் கொடுத்து அறிவை மறைத்தல் என்று நாம் முதலில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இனி இரண்டாம் கேள்வி. இங்கே தராசு புரள்கிறது. அறிந்தவர் வாங்குபவர், அறியாதவர் விற்பவர். மாணிக்கம் என்று தானே எண்ணிக் கண்ணாடித் துண்டை வாங்கியவனுக்குத் திருப்பித் தரும் உரிமை இல்லை என்பது ஷாஃபிஈ நூல்களில் உள்ள சட்டம். மூதாட்டியின் நிலை இதன் மறுபுறம். அவர் மாணிக்கத்தைக் கண்ணாடி என்று எண்ணுகிறார். விலை தெரியாதது அவரவர் பொறுப்பு என்று சொல்லி அன்பர் வாங்கிக்கொள்ளலாமா?

நபிமொழி ஒன்று இங்கே வழிகாட்டுகிறது. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை அண்ணலார் (ஸல்) தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தார்கள். ஏன்? வழியில் இருப்பவர் சந்தை விலை அறியார். எதிர்கொண்டு சென்றவர் அறிவார். கொட்டகையில் காரோடு இருக்கும் மூதாட்டி, இன்னும் சந்தையை வந்தடையாத வணிகக் கூட்டம். அவர் வீட்டுக் கதவைத் தட்டி அவர் சொன்ன விலைக்கே வாங்குபவர், ஊர் எல்லையில் காத்திருந்து கூட்டத்தை மறித்தவர்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாறு இதைவிட ஒரு படி மேலே செல்கிறது. அவர்களின் பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்கு விலை பேசி, பணம் பெற்றுக்கொள்ள உரியவரை அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), உம் குதிரை 300க்கு மேல் பெறுமே, 400க்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். பின்னர் இன்னும் மேல் பெறும் என்று நூறு நூறாக உயர்த்தி, 800இல் வாங்கினார்கள். வாங்குபவரே விலையை ஏற்றும் இந்த விந்தைக்குக் காரணம் கேட்டபோது, முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவதாக நபிகளாரின் கரம் பற்றி உறுதி தந்திருக்கிறேன் என்றார்கள்.

அம்மூதாட்டி முஸ்லிம் அல்லரே என்று எவரேனும் சொல்லக்கூடும். வணிகத்தில் வஞ்சிப்பது எவரிடத்தும் ஹராம். அவ்வுறுதிமொழியில் முஸ்லிம் என்று வந்தது பெரும்பான்மை நோக்கியே என்று ஹதீஸ் விரிவுரையாளர் விளக்கியிருக்கின்றனர். பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிச் செய்வதே வாணிகம் என்று வள்ளுவரும் எல்லார்க்கும் பொதுவாகவே சொன்னார்.

அங்ஙனமாயின், ஆண்டுக்கணக்கில் இக்காரைக் கற்று அறிந்தவரின் அறிவுக்குப் பயனே இல்லையா? தரகரும் வணிகரும் எப்படிப் பிழைப்பது? இது தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. விலை அறிந்த வணிகரிடம் திறமையாகப் பேசிக் குறைத்து வாங்குவதை ஷரீஅத் தடுக்கவில்லை. அங்கே இருவரும் சந்தையில் நிற்கின்றனர். பழுதைத் தீர்க்கும் உழைப்புக்கும், அரிய உதிரிப் பாகத்தைத் தேடித் தரும் அலைச்சலுக்கும், உகந்த ஆளைக் கண்டு விற்றுத் தரும் ஆற்றலுக்கும் கூலி உண்டு, இலாபம் உண்டு. அறிவு உழைப்பாக மாறி ஈட்டுவது ஹலாலான பயன். மற்றவரின் அறியாமை ஒன்றிலிருந்தே ஈட்டுவது அன்று. ஜரீர் (ரலி) செய்தது மேன்மையின் உச்சி. அந்த உச்சியை ஒவ்வொருவர்க்கும் கட்டாயமாக்க நாம் துணியோம். ஆனால் வணிகக் கூட்டத்தைச் சந்தைவரை வரவிடுவது எல்லார்க்கும் உரிய கீழ்ப்படி. அன்பர் அம்மூதாட்டியிடம் சொல்ல வேண்டியது இவ்வளவே: அம்மா, இது அரிய வண்டி, கையால் கியர் மாற்றுவதால் இன்னும் அரியது, இத்தகையவை இன்ன விலைக்கு விற்றிருக்கின்றன, நெடுந்தூரம் ஓடியதால் இவ்வளவு குறையும், ஓடாமல் நின்றதால் பெல்ட்டுக்கும் உறைகளுக்கும் இன்ன செலவு ஆகும், இப்போது விலை சொல்லுங்கள். இதன் பிறகும் அவர் குறைத்துச் சொன்னால் அது அவர் தரும் கொடை, பெற்றுக்கொள்ளலாம்.

இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது இப்போது விளங்கும். விற்பவன் கையில் இருக்கும்போது அறிவு குறையை மறைக்கத் துணைபோகிறது. வாங்குபவன் கையில் இருக்கும்போது நிறையை மறைக்கத் துணைபோகிறது. இரண்டிடத்தும் அது அமானிதம். எவன் அதிகம் அறிந்தவனோ அவன் தோளில் அதிகச் சுமை. தன் குறையைச் சொல்லி விற்பவனே பிறிதொரு நாள் பிறர் நிறையைச் சொல்லி வாங்குவான். ஒன்றில் வாய்மூடப் பழகியவன் மற்றொன்றிலும் வாய்மூடுவான்.

இதனால் இழப்பு வாராதா? வரலாம். கியர் பெட்டியின் எண்ணைச் சொல்பவர்க்குச் சில ஆயிரம் டாலர் குறையும். மூதாட்டிக்கு விலை சொல்பவர்க்குப் பல ஆயிரம் கூடும். இழப்பே இல்லை என்று சொல்லி நேர்மையை விற்க நாம் விரும்பவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை வெளிப்படுத்தினால் அவர்கள் வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய்த்தால் அது துடைக்கப்படும் என்றும் நபிகளார் (ஸல்) சொன்னார்கள். பரக்கத்தை எண்ணிக்காட்ட மீட்டர் இல்லை. ஆகவே அதைத் திருப்பவும் எவராலும் இயலாது. ஓடிய மைல்கள் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கும் ஏடு ஒன்று உண்டு. அது திறக்கப்படும் நாளில் நாம் விற்றவையும் வாங்கியவையும் நமக்குச் சான்றாக நிற்க, எதிராக நில்லாதிருக்க, அல்லாஹ் அருள்புரிவானாக.